சிறுவர் பேஸ்போலும் துடுப்பு விதிகளும்

விளையாட்டுக் கருவிகள் பற்றிய விதிகளை நாம் பெரும்பாலும் சிறு விடயங்களாகவே கருதிவிடுகின்றோம். ஆட்டத்தின் நுட்பங்களையும் வீரரின் சாதனைகளையும் விரிவாகப் பேசுவோர்கூட, ஆடுபவர் கையிலுள்ள துடுப்பு எத்தனை அங்குலம் இருத்தல் வேண்டும், எப்பொருளாற் செய்யப்படல் வேண்டும் என்பன போன்ற வினாக்களை நடுவர்க்குரியனவென ஒதுக்கிவிடுவதே வழக்கம். ஆயினும் கருவியொன்றைப் பற்றிய விதி, அதனை ஆக்குபவர், விற்பவர், வாங்குபவர், அதனைக் கொண்டு ஆடுபவர், அதன் எதிரே நிற்பவர் ஆகிய அனைவரது நலன்களும் வந்து மோதுகின்ற இடமாகும். அந்நலன்களுள் எது மேலோங்கியது என்பதை விதியின் வாசகமே சிலவேளைகளிற் காட்டிக்கொடுத்துவிடும். ஐக்கிய அமெரிக்காவிலே சிறுவர் ஆடும் பேஸ்போலில் துடுப்பு பற்றி எழுந்த விதிகள் இவ்வகையில் ஆராயத்தக்கன.

கிரிக்கெற்றோடு பழகிய நமக்கு ஓர் ஒப்புமை உதவும். 1979 டிசெம்பரிலே பேர்த் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஆடிய அவுஸ்திரேலியப் பந்துவீச்சாளர் டெனிஸ் லில்லி, அலுமினியத்தாற் செய்யப்பட்ட துடுப்பொன்றுடன் களமிறங்கினார். பந்து பழுதுறுகின்றதென இங்கிலாந்து அணித்தலைவர் மைக் பிறையர்லி முறையிட்டார், நடுவர்கள் தலையிட்டனர், லில்லி சினந்து துடுப்பை வீசியெறிந்தார். துடுப்பின் அலகு மரத்தாலானதாக இருத்தல் வேண்டுமென 1980ஆம் ஆண்டின் கிரிக்கெற் சட்டத்தொகுப்பு விதித்தது. அத்தோடு அவ்விடயம் முடிந்தது. அமெரிக்காவிலோ அதற்கு எட்டாண்டுகள் முன்னரே சிறுவர் கையில் உலோகத் துடுப்பு கொடுக்கப்பட்டாயிற்று. அதனால் விளைந்தவற்றை விதியினுள் அடக்குவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்றது. ஓர் ஆட்டத்தில் ஓராண்டிலே தீர்ந்த பிரச்சினை மற்றோர் ஆட்டத்தில் இத்துணை நீண்டமைக்குக் காரணம் யாது? நடுவர்களின் கண்டிப்பிலோ மக்களின் இயல்பிலோ அதற்கு விடை கிடையாது. கருவியின் பொருளியலிலேதான் அதனைத் தேடவேண்டும்.

ஆட்டத்தை அறியாதவர்க்காகச் சில சொற்கள். பேஸ்போல் துடுப்பு தட்டையானதன்று, உலக்கைபோல் உருண்டது, பிடிக்கும் இடத்தில் ஒடுங்கி நுனியை நோக்கிப் பருத்துச் செல்வது. பந்து நிலத்திற் படாமலே எறியப்படுகின்றது. எறிந்தவர் துடுப்பாடுபவருக்கு நேரெதிரே, தம் கையிலுள்ள தோலுறையைத் தவிர வேறு கவசமெதுவும் இன்றி நிற்கின்றார். அவர் எறியும் இடத்திற்கும் துடுப்பாடுபவர் நிற்கும் தளத்திற்கும் இடைப்பட்ட தூரம் பெரியோர் ஆட்டத்தில் 60 அடி 6 அங்குலம். பன்னிரண்டு வயதிற்குட்பட்டோர் ஆட்டத்தில் 46 அடி. பந்தோ இருவகை ஆட்டத்திலும் ஏறத்தாழ ஒரே பருமனும் ஒரே நிறையும் உடையது. ஐந்து அவுன்சுக்குச் சற்று மேற்பட்டது. சிறுவர் ஆட்டத்தை ஒழுங்கமைத்த நிறுவனங்களுள் முதன்மையானது லிற்றில் லீக். பென்சில்வேனியா மாநிலத்தின் வில்லியம்ஸ்போர்ட் நகரிலே காள் ஸ்ரொட்ஸ் என்பவரால் 1939இல் அது தொடங்கப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் துடுப்பு விதிகள் வடிவத்தைப் பற்றியனவாகவே இருந்தன. 1859இல் துடுப்பின் விட்டம் இரண்டரை அங்குலத்தை மீறலாகாதென வரையறுக்கப்பட்டது; 1869இல் நீளத்திற்கு 42 அங்குலம் என எல்லை வந்தது; ஒருபுறம் தட்டையாகச் செதுக்கிய துடுப்புகள் சில ஆண்டுகள் அனுமதிக்கப்பட்டுப் பின்னர் 1893இல் விலக்கப்பட்டன. கருவி மரத்தாலானது என்பது அன்று எவரும் ஐயுறாத ஒன்று. மரம் தன்னளவிலேயே ஓர் எல்லையாக அமைந்திருந்தமையால், வடிவத்தை அளந்தாற் போதுமாயிருந்தது. பெரிய துடுப்பு வேண்டுமெனில் நிறையும் கூடும். நிறை கூடினால் வீச்சின் வேகம் குறையும். இயற்கையே செய்துவந்த இக்கட்டுப்பாட்டை விதிகள் எழுத்தில் வடிக்க வேண்டிய தேவை எழவில்லை.

அத்தேவையை உண்டாக்கியது அலுமினியம். உலோகத் துடுப்புக்கான காப்புரிமையொன்று 1924இலேயே அமெரிக்காவிற் பெறப்பட்டிருந்ததாயினும், அக்கருத்து சந்தைக்கு வரக் கால் நூற்றாண்டிற்கு மேல் வேறு சூழ்நிலைகள் கனியவேண்டியிருந்தது. இரண்டாம் உலகப்போரின் பின்னர் விமானத் தொழிலோடு வளர்ந்த அலுமினியக் கலப்புலோகங்களும் குழாய் இழுக்கும் தொழில்நுட்பமும் மலிவாகக் கிடைக்கத் தொடங்கின. 1971இல் லிற்றில் லீக் அலுமினியத் துடுப்பை அனுமதித்தது. 1974இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் அதனை ஏற்றது. அதே 1974ஆம் ஆண்டிலேயே யப்பானின் உயர்பாடசாலைப் பேஸ்போலிலும் உலோகத் துடுப்பு இடம்பெற்றமை கவனிக்கத்தக்கது.

அன்று கூறப்பட்ட காரணம் சிக்கனம். மரத்துடுப்பு முறியும். பந்து துடுப்பின் தகுந்த இடத்திற் படாது பிடியருகே பட்டால், ஒரே அடியிற் புதிய துடுப்பொன்று விறகாகிவிடும். பயிலுந் தறுவாயிலுள்ள சிறுவர்க்கு இது அடிக்கடி நேர்வது. பாடசாலைகளும் ஊர்க்கழகங்களும் இச்செலவைத் தாங்க இடர்ப்பட்டன. தொழின்முறைக் கழகங்களுக்கு இந்த இடர் இல்லை. முறிந்த துடுப்பிற்குப் பதில் இன்னொன்று உடனே வரும். எனவே, வருவாயுள்ள தொழின்முறை ஆட்டத்தில் மரமும், வருவாயற்ற சிறுவர் ஆட்டத்தில் உலோகமும் நிலைபெற்றன. தொழின்முறை விதி இன்றும் துடுப்பு ஒரே மரத்துண்டாலானதாக இருத்தல் வேண்டுமென்றே கூறுகின்றது. ஆற்றல் மிக்க கருவி பெரியோரிடம் இல்லாது சிறுவரிடம் இருப்பதென்ற விசித்திரம் இவ்வாறு செலவுக் கணக்கிலிருந்து பிறந்ததேயன்றி விளையாட்டுத் தத்துவம் எதனிலிருந்தும் பிறந்ததன்று.

தொடக்ககால அலுமினியத் துடுப்பு மரத்துடுப்பின் உலோகப் பிரதியே. முறியாத துடுப்பு ஒரு வகையில் உற்பத்தியாளருக்கு வசதியற்ற பண்டம். ஒருமுறை விற்றால் நெடுங்காலம் மீண்டும் விற்க இயலாது. ஆதலின், உழைப்புத்திறனை விற்றுமுடித்தவர்கள் அடுத்து விற்கத் தொடங்கியது அடிதிறனை. சென்ற ஆண்டுத் துடுப்பு முறியாவிட்டாலும் இவ்வாண்டுத் துடுப்பு அதைவிடத் தொலைவிற்குப் பந்தை அனுப்பும் என்றால், பழையது பழுதுறாமலே பயனற்றதாகிவிடும். 1980களிலும் 1990களிலும் மெல்லிய சுவரும் உறுதியான கலப்புலோகமும் கொண்ட துடுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தமையின் உள்ளோட்டம் இதுவே. செலவைக் குறைக்க வந்த கருவி விலையுயர்ந்த கருவியாயிற்று. இன்று இளைஞர்க்கான உயர்தரத் துடுப்பொன்று நானூறு அமெரிக்க டொலருக்கு மேலும் விற்கப்படுகின்றது.

உலோகத் துடுப்பு மரத்தைவிட ஏன் வேகமாகப் பந்தை அனுப்புகின்றது என்பதைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும்; பின்வந்த விதிகளெல்லாம் இதனையே அளக்க முயன்றன. பந்தும் துடுப்பும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்களவினது. அந்நேரத்திற் பந்து நசுங்குகின்றது. பேஸ்போல் பந்தின் உள்ளே தக்கையும் றப்பரும் கொண்ட கருவும் அதனைச் சுற்றி இறுகச் சுற்றிய நூலும் உள்ளன. நசுங்கும்போது இந்நூலடுக்குகள் ஒன்றோடொன்று உராய்ந்து சக்தியை வெப்பமாக்கிவிடுகின்றன. திண்ணிய மரத்துடுப்பு ஏறக்குறைய நசுங்குவதேயில்லை. ஆகவே நசுங்கும் வேலை முழுவதையும் பந்தே செய்கின்றது. மோதலுக்கு முன்னிருந்த சார்பு வேகத்திற் பாதியே பின்னர் எஞ்சும். வேகம் பாதியானால் இயக்கச் சக்தி காற்பங்காகும் என்பது பௌதிகம் படித்தோர் அறிந்தது. அதாவது, மோதலில் ஈடுபடும் சக்தியில் முக்காற்பங்கு பந்தினுள்ளேயே வீணாகின்றது.

உட்குழிவான உலோகத் துடுப்பில் நிலைமை வேறு. அதன் மெல்லிய சுவர் பந்து பட்டதும் சற்றே உள்வாங்கி உடனே மீளுகின்றது. சுவர் உள்வாங்கும் அளவிற்குப் பந்து குறைவாக நசுங்குகின்றது. பந்து வாங்கிய சக்தியின் பெரும்பகுதி திரும்பிவராது. சுவர் வாங்கிய சக்தியோ ஏறக்குறைய முழுவதும் திரும்பிவருகின்றது. வித்தை காட்டுவோர் குதித்தெழும் இழுவிரிப்பை இது ஒத்திருத்தலால் ஆங்கில நூல்கள் அப்பெயராலேயே இதனைச் சுட்டுகின்றன. சுவர் மெலிய மெலிய இவ்விளைவு மிகும்; மிக மெலிந்தால் நெளிந்துவிடும். கலப்புலோகத்தை உறுதியாக்கினால் நெளியாமல் இன்னும் மெலிக்கலாம். உற்பத்தியாளரின் ஆய்வுகள் எத்திசையிற் சென்றன என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இரண்டாவது காரணம் சடத்துவத் திருப்பம். இரு துடுப்புகளின் மொத்த நிறை ஒன்றாயிருப்பினும், நிறை எங்கே குவிந்துள்ளது என்பதைப் பொறுத்தே அவற்றை வீசும் எளிமை அமையும். மரத்துடுப்பின் நிறை பருத்த நுனிப்பகுதியிலே திரண்டுள்ளது. குழாயான துடுப்பில் நிறை கையருகே பின்வாங்குகின்றது. அதனால் சிறுவனொருவன் அதனை விரைவாகச் சுழற்றலாம். பந்து வரும் திசையைக் கடைசிக் கணம்வரை பார்த்திருந்து வீசவும் செய்யலாம். இது வெறுந் தீமையன்று. எட்டு வயதுக் குழந்தையின் கையில் முப்பது அவுன்சு மரத்தைக் கொடுத்தால் அது ஆட்டத்தையே வெறுத்துவிடும். உலோகத் துடுப்பின் எதிர்ப்பாளர் பலர் இதனை மறந்து பேசுவதுண்டு.

விதியாக்குவோர் முதலிற் கைவைத்தது இந்த நிறையிலேதான். துடுப்பின் நீளத்தை அங்குலத்திலும் நிறையை அவுன்சிலும் எழுதி முன்னதிலிருந்து பின்னதைக் கழித்து வரும் எண்ணைச் சயக் குறியுடன் சொல்வது அமெரிக்க வழக்கம். 33 அங்குல நீளமும் 30 அவுன்சு நிறையும் உடையது சய மூன்று. 30 அங்குலமும் 20 அவுன்சும் உடையது சய பத்து. அங்குலத்திலிருந்து அவுன்சைக் கழிக்கும் இக்கணக்குக்குப் பௌதிகத்தில் எவ்விதப் பொருளுமில்லை. எனினும் கடைக்காரருக்கும் பெற்றோருக்கும் விளங்கும் எளிமை அதற்குண்டு. 1998ஆம் ஆண்டுக் கல்லூரி இறுதிப் போட்டியிலே தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தை 21க்கு 14 என வென்றபோது, இது பேஸ்போலா அன்றி வேறேதேனுமா என்ற கேள்வி பரவலாக எழுந்தது. பேஸ்போலில் ஓர் அணி ஐந்தாறு ஓட்டங்கள் பெறுவதே இயல்பு. அதனையடுத்துக் கல்லூரித் துடுப்புகள் சய மூன்றுக்கு மேற்படலாகாது, விட்டம் இரண்டே ஐந்தின் எட்டு அங்குலத்தை மீறலாகாது என்ற எல்லைகள் வந்தன. துடுப்பு நிறுவனங்களுள் ஒன்றான ஈஸ்டன், கட்டுப்பாடுகள் வணிகப் போட்டிக்கு விரோதமானவை என அவ்வாண்டே வழக்குத் தொடுத்தது. விதியொன்று எவரைத் தொடுகின்றது என்பதை அறிய, அதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர் யார் என்று பார்த்தாற் போதும்.

நிறையையும் விட்டத்தையும் கட்டுப்படுத்தியும் சுவரின் மீள்தன்மை எஞ்சியே நின்றது. ஆகவே கருவி எப்படி இருக்கின்றது என்பதை விடுத்து அது என்ன செய்கின்றது என்பதை அளக்கவேண்டிய நிலை ஏற்பட்டது. துடுப்பு விதிகளின் வரலாற்றில் உண்மையான திருப்பம் இதுவே. ஆய்வுகூடத்திலே காற்றழுத்தத்தால் இயங்கும் குழலிலிருந்து பந்தொன்றை அசையாத் துடுப்பின்மீது செலுத்தி, அது செல்லும் வேகத்தையும் மீளும் வேகத்தையும் அளந்து, துடுப்பின் சடத்துவத்தையும் கணக்கிற் சேர்த்து மீளமைவுக் குணகம் பெறப்படுகின்றது. இவ்வாறு பெறும் பந்து-துடுப்பு மீளமைவுக் குணகம் 0.50ஐத் தாண்டலாகாது என்பதே ஆங்கில முதலெழுத்துகளால் பி.பி.சி.ஓ.ஆர். எனப்படும் நியமம். மேலே மரத்தைப்பற்றிக் கூறிய ‘பாதி வேகம்’ என்பதே இவ்வெண். உலோகத்தாற் செய்க, ஆயின் மரத்தின் அளவிற்கே அடிக்குமாறு செய்க என்பது இதன் சாரம். கல்லூரிகளில் 2011 ஜனவரி முதலும் உயர்பாடசாலைகளில் 2012 ஜனவரி முதலும் இது நடைமுறைக்கு வந்தது. முதற்றரக் கல்லூரிப் போட்டிகளில் ஓர் அணி ஓர் ஆட்டத்திற் பெற்ற ஹோம் றன்களின் சராசரி 2010இல் 0.94 ஆக இருந்தது, 2011இல் 0.52 ஆக இறங்கியது. ஆடியவர்கள் ஓராண்டில் வலுவிழந்துவிடவில்லை. இதுகாறும் வீரனின் திறமை எனப் போற்றப்பட்டதில் எவ்வளவு குழாய்ச்சுவரின் திறமை என்பதை இவ்விரு எண்களும் காட்டின.

சிறுவர் ஆட்டத்தில் அளவுகோல் வேறாக இருந்தது. திண்ணிய சுவரொன்றின்மீது பந்து மோதி மீளும் குணகத்தோடு, அதே பந்து துடுப்பின்மீது மோதி மீளும் குணகத்தை ஒப்பிட்டு, பின்னது முன்னதைவிட நூற்றுக்குப் பதினைந்து பங்கு மட்டுமே கூடலாம் என்பது அவ்விதி. ஆகவே துடுப்புகளின்மீது 1.15 என்ற எண் பொறிக்கப்பட்டது. மரத்தைவிடக் கூடுதலாக அடிப்பது இங்கே வெளிப்படையாகவே அனுமதிக்கப்பட்டிருந்தது.

இதனிடையே காபன் நாரைப் பிசினில் தோய்த்து வார்த்த கூட்டுப்பொருள் துடுப்புகள் வந்து சேர்ந்தன. இவை சோதனைகளின் அடிப்படையையே அசைத்தன. உலோகத் துடுப்பு அடிபட அடிபட நெளிந்து கெடும். கூட்டுப்பொருள் துடுப்போ அடிபட அடிபடச் சிறப்புறும். உள்ளிருக்கும் பிசின் நுண்ணியதாய் வெடித்து, சுவர் இளகி, மீள்தன்மை மிகுகின்றது. ஆய்வுகூடத்திற்கு அனுப்பப்படுவது புதிய துடுப்பு. ஆடுகளத்தில் நிற்பது பழகிய துடுப்பு. பழகும்வரை காத்திருக்க மனமில்லாதோர் உருளைகளுக்கிடையே துடுப்பை வைத்து அழுத்திச் சுற்றிச் செயற்கையாக இளக்குவதும், உள்ளிருந்து சுவரைச் சுரண்டி மெலிப்பதும் தொழிலாகவே நடைபெறலாயின. கல்லூரிச் சங்கம் 2009இல் இத்துடுப்புகளை நிறுத்திவைத்தது. லிற்றில் லீக் 2010 இறுதிக்குள் தனது எல்லாப் பிரிவுகளிலும் அவற்றுக்குத் தடை விதித்து, பழகிய பின்னரும் எல்லையை மீறாதவை எனச் சோதனையில் தேறியவற்றை மட்டும் விலக்களித்து ஏற்றது. சோதனைக்கு முன்னர் துடுப்பை வேண்டுமென்றே இளக்கிப் பார்க்கும் முறை பின்வந்த நியமங்களில் இடம்பெற்றது.

இனி, இவற்றுக்கெல்லாம் பின்னே நிற்கும் வினாவுக்கு வருவோம். எதிரே நிற்கும் சிறுவனுக்கு என்ன நேர்கின்றது? எறிந்து முடிக்கும்போது அவன் ஏறத்தாழ ஐந்தடி முன்னே வந்துவிடுகின்றான்; எஞ்சுவது 41 அடி. மணிக்கு 70 மைல் வேகத்திற் புறப்படும் பந்து அத்தூரத்தை ஒரு வினாடியின் நூற்றில் 40 பங்கில் கடக்கும். 80 மைலாயின் 35 பங்கில். கண்ணிற் பட்டதை உணர்ந்து தசை இயங்கத் தொடங்குவதற்கே ஏறத்தாழக் கால் வினாடி வேண்டும். எஞ்சும் பத்துப் பதினைந்து பங்கிற்குள் கையுறை முகத்தை மறைக்கவேண்டும். நூற்றில் ஐந்து பங்கு என்பது எழுத்திற் சிறிது. இக்கணக்கில் அது மூன்றில் ஒன்று.

ஆயினும் புள்ளிவிபரங்கள் நம் உணர்ச்சிக்கு எளிதில் இணங்குவனவல்ல. மரமல்லாத துடுப்புகள் அனைத்தும் மரத்தின் அளவிற்கே அடிக்கவேண்டுமென விதிக்குமாறு, துடுப்பு வடிவமைப்பிலே ஈடுபட்டிருந்த ஒருவர் அமெரிக்க நுகர்வோர் பண்டப் பாதுகாப்பு ஆணைக்குழுவிடம் மனுச் செய்தார். 1991 முதல் 2001 வரை அடிபட்ட பந்து தாக்கி இறந்தோர் 17 பேர் என ஆணைக்குழு கண்டது. அவற்றுள் எட்டு மரமல்லாத துடுப்பால் நேர்ந்தவை, இரண்டு மரத்தால், ஏழில் துடுப்பு எதுவெனத் தெரியவில்லை. ஆட்டங்களிற் பெரும்பாலானவை உலோகத் துடுப்பாலேயே ஆடப்பட்டன என்பதைச் சேர்த்துப் பார்த்தால், எட்டுக்கு இரண்டு என்பது எதனையும் நிறுவாது. சான்று போதாதெனக் கூறி 2002இல் மனு நிராகரிக்கப்பட்டது. அறிவியல் நோக்கில் இம்முடிவைக் குறைகூற இயலாது. ஆனால், தீங்கு நிறுவப்படும்வரை பண்டம் சந்தையில் இருக்கலாம் என்ற எடுகோள் அதனுள் பொதிந்துள்ளது. பண்டம் தீங்கற்றது என நிறுவப்படும்வரை குழந்தையின் கையில் அதனைக் கொடுத்தலாகாது என்று ஏன் தொடங்கலாகாது? இது சான்று பற்றிய கேள்வியன்று. சான்று காட்டும் சுமை எவர் தலையில் என்ற கேள்வி.

நீதிமன்றங்கள் இக்கேள்வியை வேறு வழியால் அணுகின. 2003இல் மொன்றானா மாநிலத்தில் நடந்த ஆட்டமொன்றிலே அலுமினியத் துடுப்பினின்று வந்த பந்து தலையிற் பட்டு 18 வயதுடைய எறிவாளர் ஒருவர் உயிரிழந்தார். 2009இல் யூரிமார் அத்துடுப்பின் வடிவமைப்பிற் குறையில்லை என்றும், அதன் ஆபத்துப்பற்றி எச்சரிக்காமை குற்றமே என்றும் தீர்ந்து, ஹில்லெரிச் அன் பிராட்ஸ்பி நிறுவனம் 850,000 டொலர் செலுத்தவேண்டுமென்றனர். 2011இல் மாநில உயர்நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. நியூ ஜேர்சியில் 2006இல் பன்னிரண்டு வயதுச் சிறுவனின் மார்பிற் பந்து பட்டு இதயம் நின்றது; உயிர் மீண்டது, மூளை மீளவில்லை. 2012இல் 14.5 மில்லியன் டொலருக்கு இணக்கம் காணப்பட்டது. இவ்வழக்கில் துடுப்பை ஆக்கியவரும் விற்றவரும் மட்டுமன்றி லிற்றில் லீக்கும் எதிர்வாதியாயிற்று. அவ்வாட்டம் அந்நிறுவனத்தின் ஆட்டமன்று. துடுப்பிற்கு அது அங்கீகாரம் அளித்திருந்தமையே காரணம். அங்கீகார முத்திரை பொறுப்பையும் உடன்கொண்டு வருவது என்பதை விதியாக்குவோர் அப்போது உணர்ந்திருப்பர். இடையே, 2007இல் நியூயோர்க் நகரசபை மேயரின் மறுப்பாணையையும் மீறி உயர்பாடசாலை ஆட்டங்களில் உலோகத் துடுப்பைத் தடைசெய்தது.

இன்றுள்ள சிறுவர் நியமம் 2015இல் அறிவிக்கப்பட்டு 2018 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. யு.எஸ்.ஏ. பேஸ்போல் என்ற தேசிய அமைப்பு இதனை வகுத்தது. லிற்றில் லீக் உட்படச் சிறுவர் அமைப்புகள் பல ஏற்றன. பழைய 1.15 நீங்கியது, சிறுவர் துடுப்பும் மரத்தின் அளவிற்கே அடித்தல் வேண்டும் என்ற நிலை வந்தது. லிற்றில் லீக்கின் பன்னிரண்டு வயதிற்குட்பட்ட பிரிவில் துடுப்பின் நீளம் 33 அங்குலத்தையும் விட்டம் இரண்டே ஐந்தின் எட்டு அங்குலத்தையும் மீறலாகாது. விட்டம் முன்னர் இரண்டேகால் அங்குலமாகவே இருந்தது. சுவரின் துள்ளல் அடக்கப்பட்டதால் துடுப்பைப் பருமனாக்க இடமளிக்கப்பட்டது. நீளத்திற்கும் நிறைக்கும் இடையிலான வேறுபாட்டிற்கு இங்கு எல்லையில்லை. மெல்லிய குழந்தைக்கு மெல்லிய துடுப்பு கிடைக்கும். இது நல்ல விதி என்றே கூறவேண்டும். எடையை விட்டுத் துள்ளலைப் பிடித்தது, சிறுவனுக்குத் தேவையானதையும் அவன் எதிரே நிற்பவனுக்குத் தீங்கானதையும் பிரித்தறிந்ததன் அடையாளம். வயது கூடிய பிரிவுகள் படிப்படியாகப் பி.பி.சி.ஓ.ஆர். துடுப்பிற்கு மாறுகின்றன.

ஆயின் நல்ல விதியும் வந்த வழி நோக்கற்பாலது. 2017 டிசெம்பர் 31ஆம் நாள்வரை செல்லுபடியான துடுப்பு மறுநாள் செல்லாததாயிற்று. துடுப்பு முறியவில்லை, நெளியவுமில்லை. அதன்மீது புதிய முத்திரை இல்லை, அவ்வளவே. இலட்சக்கணக்கான குடும்பங்கள் புதிய துடுப்பு வாங்கின. மரத்தைவிட வேகமாக அடிப்பது என விளம்பரஞ்செய்து முன்பு விற்றவர்களே, மரத்தைப்போல அடிப்பது என முத்திரையிட்டு மீண்டும் விற்றனர். தவறு திருத்தப்பட்டபோதும் திருத்தத்தின் செலவு தவறிழைத்தவரைச் சேரவில்லை. அண்ணனின் துடுப்பைத் தம்பிக்குக் கொடுக்கும் வீடுகளுக்கே இது கூடுதலாக உறைத்தது. அவ்வாண்டு மே மாதத்திலேயே, புதிய முத்திரை பெற்ற ஈஸ்டன் நிறுவனத்தின் 30 அங்குல, 20 அவுன்சுத் துடுப்பு வகையொன்று பழகியபின் எல்லையை மீறுகின்றதெனக் கண்டு, அதன் அங்கீகாரம் மீளப்பெறப்பட்டது. நூற்றுக்கணக்கான டொலர் கொடுத்து நான்கு மாதமே ஆகியிருந்த துடுப்புகள் அவை.

மேலும், எல்லா அமைப்புகளும் இந்நியமத்தின்கீழ் வரவில்லை. ஊர்விட்டு ஊர் சென்று ஆடும் சுற்றுப்போட்டிகளைப் பெருமளவில் நடத்தும் யு.எஸ்.எஸ்.எஸ்.ஏ. என்ற அமைப்பு 2018இல் இதில் இணையாது, 1.15 அளவுகோலையே தொடர்ந்தது. விளைவு, வாரநாளில் ஊர்க்கழகத்திற்கு ஆடும் சிறுவன் வாரவிறுதியிற் சுற்றுப்போட்டிக்குச் செல்வானாயின் அவனுக்கு இரு துடுப்புகள் வேண்டும். ஒரே சிறுவன், ஒரே பந்து. எதிரே நிற்பவனின் எலும்பும் ஒன்றே. பாதுகாப்பு எனப்பட்டது வாரத்தின் நாளைப் பொறுத்து வேறுபடுவதாயிற்று. சுற்றுப்போட்டிகளுக்குச் செல்லும் வசதியுள்ளோரின் பிள்ளைகளே ஆற்றல்மிக்க துடுப்பை ஏந்தினர் என்பதும் இவ்விடத்துக் குறிப்பிடத்தக்கது.

யப்பானில் இதே வினா அண்மையில் எழுந்தது. 2019ஆம் ஆண்டு கோடைகாலக் கோஷியென் போட்டியிலே எறிவாளர் ஒருவரின் கன்ன எலும்பைப் பந்து முறித்தது. உயர்பாடசாலைப் பேஸ்போல் சம்மேளனம் துடுப்பின் விட்டத்தை 67 மில்லிமீற்றரிலிருந்து 64 ஆகக் குறைத்து, சுவரின் தடிப்பை ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றரிலிருந்து நான்குக்கு உயர்த்தி, 2024 வசந்தகாலப் போட்டியிலிருந்து கட்டாயமாக்கியது. குணகமோ கணிதமோ இன்றி, சுவரைத் தடிப்பாக்குக என்ற நேரடி விதி அது. மாற்றத்திற்கு முன்னரே அச்சம்மேளனம் தன்னோடிணைந்த பாடசாலைகளுக்குப் புதிய துடுப்புகள் சிலவற்றை வழங்கியது. தனிப்பட்ட பெற்றோர் வாங்கும் பண்டமாக அல்லாமல் பாடசாலை அணியின் பொதுக் கருவியாகத் துடுப்பு அங்கு பெரிதும் இருந்துவருவது இதனை எளிதாக்கியது.

அமெரிக்கச் சிறுவர் களங்களில் இன்று ஆட்டத்திற்கு முன் துடுப்புகள் வரிசையாக வைக்கப்படுகின்றன. நடுவர் ஒவ்வொன்றாக எடுத்து நெளிவு, வெடிப்பு உள்ளனவா எனத் தடவிப்பார்த்து, முத்திரையைத் தேடுகின்றார். சுவரின் துள்ளலை அளக்கும் கருவி அவரிடம் இல்லை. உருளையில் இளக்கிய துடுப்பும் இளக்காத துடுப்பும் அவர் கைக்கு ஒன்றே. முத்திரை இரண்டிலும் உண்டு. லிற்றில் லீக் விதியின்படி, ஒரே துண்டிற் கடைந்த மரத்துடுப்பிற்கு மட்டும் முத்திரை எதுவும் தேவையில்லை.